424943 வகுபடுமா?

ஜூன் 3, திங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை மில்லி தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு வாங்கச் சொன்னார் டாக்டர். இன்று 650. அனுமதி 700. இந்த ஒரு வரிக்கு ஒரு முழுப் பக்கமா? இருபத்தொன்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குக் காலிப் பக்கம் கண்ணை உறுத்தும். அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து பதினான்கு மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ். நான்கு மணி நேரம் படுக்கை, இடது கையில் இரண்டு ஊசி. ரத்தம் வெளியே போய் இயந்திரத்தில் குளித்துவிட்டுத் திரும்பி வரும். இதுவரை தனியாகத்தான் போய் வந்தேன். இன்றிலிருந்து கூட உலகு.

உலகம்மாள் என் தங்கை. ஒன்பது வயது இளையவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவாள். மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். வந்தவள் பையிலிருந்து புடவைக்கு முன்னால் ஒரு ஃபைலை எடுத்தாள். அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறதாம். எல்லாச் சோதனையும் முடித்துவிட்டாள். போன மாதம் டாக்டர் எதற்கு என்னிடம் கூடுதலாக ரத்தம் எடுத்தார் என்பது இப்போதுதான் புரிகிறது. எல்லோரும் கூட்டு.

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு என் ஆஸ்பத்திரி ஃபைலின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவு எண் 424943.

"என்னக்கா, அந்த நம்பரையே முறைச்சுக்கிட்டு இருக்க?"

"பகா எண்ணா இல்லையான்னு பாக்கேன்."

"அப்படின்னா?"

"ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. ஏழு, பதிமூணு மாதிரி."

"இது?"

"பாத்தாத் தெரியாது. ஒவ்வொண்ணா வகுத்துத்தான் பாக்கணும்."

"அப்ப வகு. முடிச்ச அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லணும். அதுவரைக்கும் நான் வாயத் திறக்கல."

அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பதற்காகவே சரி என்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

உலகு காய்கறியை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்தாள். பொட்டாசியம் போக வேண்டுமாம். ருசியும் கூடவே போய்விட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன்.

எல்லா எண்ணாலும் வகுக்கத் தேவையில்லை. பகா எண்களால் வகுத்தால் போதும். அதிலும் 651-ஐத் தாண்டத் தேவையில்லை. 652-ஐ 652-ஆல் பெருக்கினால் 425104, நம் எண்ணைவிடப் பெரிது. பெரிய வகுத்தி ஒன்று இருந்தால் அதற்கு ஜோடியாகச் சின்னது ஒன்று கட்டாயம் இருக்கும். சின்னதைப் பிடித்தால் பெரியது தானாக வந்துவிடும். 651-க்குள் பகா எண்கள் மொத்தம் 118. வரிசைக்குப் பத்தாக ரஃப் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை வகுப்ப?" என்று கேட்டாள் உலகு.

"ஆஸ்பத்திரியில வச்சு மட்டும். ஒரு தடவைக்குப் பத்து."

கரண்டியோடு நின்று விரல்விட்டு எண்ணினாள். "ஜூலை ஒண்ணாந்தேதி ஆயிருமே! என் லீவு இருபத்திமூணு வரைக்கும்தான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? பத்துக்கு மேல போனாத் தலை சுத்தும்."

உண்மைதான். பதினொன்றில் சுற்றுமா என்று பார்த்ததில்லை.

ஜூன் 5, புதன்

முதல் வரிசை, 2 முதல் 29 வரை. கடைசி இலக்கம் 3, ஆகவே 2-ம் 5-ம் போயிற்று. இலக்கங்களைக் கூட்டினால் 26, ஆகவே 3 போயிற்று. 7, 11, 13 மூன்றுக்கும் சேர்த்து ஒரு குறுக்கு வழி உண்டு. பின்பாதி 943-இலிருந்து முன்பாதி 424-ஐக் கழித்தால் 519. இனி 519-ஐச் சோதித்தால் போதும். 7-க்கு மீதி ஒன்று, 11-க்கு இரண்டு, 13-க்குப் பன்னிரண்டு. 7-க்கு ஒன்று கூடிவிட்டது, 13-க்கு ஒன்று குறைந்துவிட்டது. இப்படி மயிரிழையில் தப்பிக்கிற எண்ணைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வரும்.

ஊசி போடும் டெக்னீஷியன் சகாயம், "டீச்சர் இங்கயும் பேப்பர் திருத்துறாங்க" என்றான். போகும்போது எடை 54.9, வரும்போது 52.7.

ஜூன் 7, வெள்ளி

31 முதல் 71 வரை. ஒன்றுமில்லை. தண்ணீர் 700. ரசத்தைச் சேர்த்தால் 780. சேர்க்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

73 முதல் 113 வரை ஒன்றுமில்லை.

பஸ் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் போகிறது. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. இன்று உலகு ஜன்னலோரம். புதுக் கட்டடம், புது கேட் எல்லாம் பார்த்தாள். "உன் ஸ்கூலு பெருசாயிருச்சுக்கா" என்றாள். உன் ஸ்கூலும்தானே என்று சொல்ல வாய் வரை வந்தது. கண்டக்டரிடம் சில்லறை கேட்கத் திரும்பிக்கொண்டேன். அவர் ஏற்கெனவே சரியாகத்தான் கொடுத்திருந்தார்.

ஜூன் 12, புதன்

127 முதல் 173 வரை. இல்லை.

மூன்றாவது மணி நேரத்தில் இருவருக்கும் அலுப்பு. "இந்த நம்பருக்கு ஒரு விசேஷமும் கிடையாதா?" என்று கேட்டாள்.

"ஒற்றைப்படை. வர்க்க எண் இல்ல. நாலால வகுத்தா மூணு மீதி. அதனால ரெண்டு வர்க்கத்தைக் கூட்டியும் இதை உண்டாக்க முடியாது. இதுவரைக்கும் எதுக்கும் பிடி குடுக்கல."

"உன்ன மாதிரின்னு சொல்லு."

சகாயம் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் ஊசி இழுக்கும், அதனால் நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. தினம் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை. அவள் வீட்டுக்காரர் போனில் தங்கமாகத்தான் பேசுகிறார். ஆனாலும் அறுத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி போய் நிற்கப்போவது இவள்தானே. அதுதான் யோசிக்கிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஜூன் 14, வெள்ளி

179 முதல் 229 வரை. இல்லை. 700.

ஜூன் 17, திங்கள்

233, 239, 241, 257, 263, 269, 271, 277, 281. மேலே எழுதிய எதுவும் வகுக்கவில்லை.

தலை சுற்றியது. உலகு இட்லியைப் பிட்டு நீட்டினாள், எரிந்து விழுந்தேன். தண்ணீர் எவ்வளவு என்று கணக்கு வைக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

துவைத்த துணி மடித்தேன். உளுந்து ஊறப்போட்டேன். உலகு கடைக்குப் போயிருக்கிறாள்.

1993. எனக்கு வேலை கிடைத்து இரண்டாம் வருஷம். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு நான்தான் கணக்கு. அந்த வகுப்பில் உலகு. முழு ஆண்டுத் தேர்வில் அவள் வாங்கியது 33. தேர்ச்சிக்கு 35. தாளை மூன்று தடவை திருத்தினேன், மூன்று தடவையும் 33 தான் வந்தது. அதற்கு மேல் நான் என்ன செய்திருக்க முடியும்?

பெயிலானவளை மறுபடி படிக்கவைக்க அப்பா மறுத்துவிட்டார். ஆடி மாதம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு திருப்பூர் பஸ் ஏறினாள். பதினான்கு வயது. இதை எதற்கு இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, புதன்

283 முதல் 349 வரை வகுத்தேன். மீதிகளை ஒழுங்காக எழுதினேன்.

ஊசி போடுவதற்காகக் கையில் நரம்பை இணைத்துவைத்திருக்கும் இடம் மக்கர் செய்கிறது. சகாயம் மூன்று முறை குத்தினான். நான்காவது முறைதான் ரத்தம் வந்தது. டாக்டரம்மா வந்து கையில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார்.

"சத்தம் குறைஞ்சிருக்கு டீச்சர். இது உங்களுக்கு மூணாவது. இதுவும் அடைச்சா கழுத்துல குழாய் போடணும். அதை வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. பொருந்துற ஆள் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. இன்னும் என்ன யோசனை?"

"ஒரு கணக்கு முடியணும் டாக்டர்."

உலகு என்னைப் பார்த்தாள். துணியைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

ஜூன் 21, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது மணி நேரத்தில் பி.பி. இறங்கிக் கண்ணயர்ந்துவிட்டேன். 353 மட்டும் வகுத்திருந்தேன். விழித்துப் பார்த்தால் உலகு கட்டிலோரம் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் என் ரஃப் நோட்டு, கையில் என் பேனா. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

"என்னட்டி செய்த?"

"பண்டல் சரிபாத்தேன்." நிமிரவில்லை. "தினமும் பத்துப் பீஸு. திங்கக்கிழமை மட்டும் ஒம்பது. எங்க கம்பெனியில ஒரு பீஸு குறைஞ்சா மொத்தப் பண்டலும் திரும்பி வந்துரும்."

"அன்னைக்குத் தலை சுத்துச்சு."

"சுத்துனா கடைசியிலதான குறையணும்? நீ நடுவுல குறைச்சிருக்க. முதப் பக்கத்துல இருக்குற லிஸ்டை வச்சு ஒவ்வொண்ணா டிக் போட்டேன். ஆறாவது வரிசையில நாலாவது. இருநூத்தி அம்பத்தொண்ணு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சீட்டைப் பார்த்து மெதுவாக வாசிக்க ஆரம்பித்தாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் கரும்பலகை முன்னால் நின்று வாசித்த அதே குரல், கொஞ்சம் தடித்திருக்கிறது.

"நானூத்தி இருவத்தி நாலுல ஒரு தடவை. மீதி நூத்தி எழுவத்தி மூணு. ஒம்பதை இறக்குனா ஆயிரத்தி எழுநூத்தி முப்பத்தொம்பது, அதுல ஆறு தடவை. நாலை இறக்குனா ரெண்டாயிரத்தி முந்நூத்தி முப்பத்திநாலு, அதுல ஒம்பது தடவை. கடைசி மூணை இறக்குனா எழுநூத்தி அம்பத்தி மூணு. அதுல மூணு தடவை." நிறுத்தினாள். "மீதி பூஜ்யம். சரியா டீச்சர்?"

சரிதான். 251 × 1693. திங்கட்கிழமை பத்தரை மணிக்கே எனக்குத் தெரியும்.

"முடிஞ்சு நாலு நாளாச்சு. முடிஞ்ச கணக்கை எதுக்கு வகுத்துக்கிட்டே இருந்த?"

"முடிஞ்சா பதில் சொல்லணுமே."

"என்ன பதில்?"

"வேண்டாம்னு."

"ஏன்?"

எழுந்து போக வழியில்லை, கையில் இரண்டு ஊசி. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தூங்குவதுபோல் படுத்திருந்தார். சொன்னேன். செவ்வாய்க்கிழமை இந்த நோட்டிலேயே எழுதாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த வருஷம் 32, 33 வாங்கியவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான்கு பேருக்கு இரண்டு மூன்று மார்க் தூக்கிப் போட்டு 35 ஆக்கினேன். எல்லா டீச்சரும் செய்வதுதான், ஹெட்மிஸ்ட்ரஸே சொல்லியிருந்தார். ஐந்தாவது தாளில் என் தங்கையின் பேர். டீச்சர் தங்கச்சிக்கு டீச்சரே மார்க் போட்டாள் என்று ஸ்டாஃப் ரூமில் ஒருத்தியும் பேசிவிடக்கூடாது. 33-ஐ அப்படியே விட்டேன். நேர்மையான டீச்சர் என்று பேர் வாங்கினேன். ஓய்வுபெற்ற அன்று அதையே சொல்லிச் சால்வை போட்டார்கள்.

"அப்படிச் செஞ்சவளுக்கு உன் உடம்பை அறுத்துக் குடுப்பியா?" என்று கேட்டேன்.

உலகு நோட்டை மூடிக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனாள். அரை மணி நேரம் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். திருப்பூர் பஸ் ஏறியிருப்பாள், அதுதான் நியாயம் என்று நினைத்தேன். நினைத்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் இரண்டு முறை கத்தியது, சகாயம் வந்து நான் கையை அசைப்பதாகத் திட்டினான்.

வந்தாள். முகம் கழுவியிருந்தாள், முன் முடி ஈரம்.

"அந்த நாலு பேர்ல கனகமணி என் பக்கத்து பெஞ்சு. அவ பேப்பர்ல முப்பத்திமூணை அடிச்சுட்டு முப்பத்தஞ்சு போட்டிருந்துச்சு, காட்டுனா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்த?"

"தெரிஞ்சுதான். பதினாலு வயசுல நூலு பிரிக்க உக்காந்தப்ப, தினமும் உன்னத் திட்டிக்கிட்டேதான் பிரிச்சேன். இப்பவும் உன் மேல கோவம் இருக்கு. போகல. போகும்னும் தோணல." மூக்கை உறிஞ்சினாள். "கோவம் எங்கிட்டயே இருக்கட்டும். கிட்னிய நீ வச்சுக்க. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினான்கு மாதத்தில் ஊசிக்கு அழாதவள் இதற்கு அழுதேன். மூக்கைத் துடைக்க ஒரு கைதான் இருந்தது.

"கணக்கு முடிஞ்சிருச்சு. பதில்?" என்றாள்.

சரி என்று தலையை ஆட்டினேன்.

ஜூன் 22, சனி

பழக்கதோஷம், கணக்கை முழுசாக முடித்தேன். 424943 பகு எண். இரண்டே பகா எண்களின் பெருக்கல். தன்னை விட்டுவிட்டால் அதன் வகுத்திகள் 1, 251, 1693. கூட்டினால் 1945. நான்கு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இப்படிப்பட்டதைக் குறைவெண் என்று சொல்வார்கள் என்று உலகிடம் சொன்னேன்.

"எந்த எண்ணுதான் குறையில்லாம இருக்கும்?"

"இருக்கு. ஆறு. ஒண்ணும் ரெண்டும் மூணும் கூட்டினா ஆறேதான். அடுத்தது இருபத்தெட்டு. ரொம்பக் கொஞ்சம்."

"அப்ப மத்ததெல்லாம் செகண்ட்ஸ், குறையுள்ள பீஸு. எங்க கம்பெனியில செகண்ட்ஸுக்குத்தான் கூட்டம் அள்ளும்" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போனாள்.

ஜூன் 23, ஞாயிறு

லீவு முடிகிறது. கம்பெனிக்குப் போன் போட்டு, மூன்று மாதம் வரமுடியாது என்றாள். சூப்பர்வைசர் கத்துவது எனக்கே கேட்டது. "அப்ப வேற ஆளப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி அடக்கினாள்.

ஜூலை 3, புதன்

கையில் ரத்தம் ஓடுகிறது, சத்தம் சுமாராக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. ரஃப் நோட்டு கொண்டுபோகவில்லை. நான்கு மணி நேரமும் உலகு அவள் வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். மகனுக்குக் கணக்கு நன்றாக வருமாம். யாரைக் கொண்டு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 690.

ஜூலை 16, செவ்வாய்

மதுரை. உறுப்பு கொடுப்பவரையும் வாங்குபவரையும் உட்காரவைத்து விசாரிக்கும் குழு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர், மூலையில் கேமரா. நடுவில் இருந்த கண்ணாடிக்காரர் உலகைக் கேட்டார்.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"நான்தான் சார் இவளக் கட்டாயப்படுத்துனேன். ஒன்றரை மாசமா."

ஒருவர் சிரித்துவிட்டு இருமினார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை, படிவத்தைப் பார்த்து அடுத்ததைக் கேட்டார்.

"படிப்பு?"

"ஒம்பதாவது."

"பாஸா, பெயிலா?"

"பாஸ்" என்றேன் நான்.

என் வாயிலிருந்துதான் வந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு மார்க்கைப் பொய்யாகச் சொன்னதில்லை என்று பீற்றிக்கொண்ட வாய். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். உலகு மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"பெயில் சார்" என்றாள். "முப்பத்திமூணு மார்க்கு. அப்படியே எழுதிக்கங்க. இவ சும்மா சொல்றா."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று என்னைக் கேட்டார் கண்ணாடிக்காரர்.

"நான்தான் சார் அவளோட கணக்கு டீச்சர். மத்த பிள்ளைகளுக்குப் போட்டேன், இவளுக்குப் போடல. என் தங்கச்சிங்கறதால போடல." முழுசாகச் சொன்னேன். கேமராவில் பதிவாகியிருக்கும்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இந்தப் படிவத்துல கிடையாதும்மா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "உங்க தங்கச்சி குடுக்குறதை வாங்கிக்க உங்களுக்குச் சம்மதமா? தலையை ஆட்டுனாப் பத்தாது, வாயால சொல்லணும்."

"சம்மதம்."

கையெழுத்துப் போட்டோம். வராந்தாவுக்கு வந்ததும் உலகு என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். இடது கையைத் தொடாமல் சுற்றி வந்து, வலது கையாகப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாகவே கிள்ளினாள்.